பலிபீடத்து நெருப்பும் நம்முடைய விறகும்

(தியானப் பகுதி: லேவியராகமம் 6:8–13, வெளிப்படுத்தின விசேஷம் 3:14–22)



இந்த மாதம் ஒரு வியாதியைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். இதற்கு வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. இது வந்திருக்கிறதென்று வந்தவருக்கே தெரியாது. அதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஒரு வாலிபன் சபையை விட்டுப் போய், குடிக்க ஆரம்பித்து, பழைய சிநேகிதரோடு சுற்றினால், "ஐயோ, பின்வாங்கிப் போயிட்டானே" என்று நாம் துக்கப்படுகிறோம். அவன் பேரைச் சொல்லி உபவாசம் இருக்கிறோம். அவனைப் பெற்றவள் ராத்திரியெல்லாம் முழங்காலில் நிற்கிறாள். ஆனால் நான் சொல்லுகிற வியாதிக்காரர் சபையை விட்டு எங்கேயும் போகவில்லை. ஞாயிறு காலையில் முதல் பாட்டுக்கு முன்னமே வந்து, வழக்கமான இடத்தில் உட்காருகிறார். தசமபாகம் தவறாது. கர்த்தருடைய பந்தியில் பங்கெடுக்கிறார். எந்தப் பாட்டுக்கு எங்கே கைதட்ட வேண்டும் என்பது அத்துப்படி. பாஸ்டர் ஒரு வசனத்தை ஆரம்பித்தால் மீதியை இவர் முடித்துவிடுவார். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றுதான் இல்லை: தேவன் வேண்டும் என்கிற தாகம் இல்லை. அது இல்லாதது ஒரு குறையாகவும் அவருக்குத் தெரியவில்லை.

இவருக்காக யார் உபவாசம் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை! "நல்ல விசுவாசி" என்று பேர் வாங்கியிருக்கிறாரே!

லவோதிக்கேயா ஊர்த் தண்ணீர்

இந்த வியாதிக்கு வேதத்தில் ஒரு ஊரின் பேரே நிலைத்துவிட்டது. லவோதிக்கேயா. இன்றைக்கு துருக்கி தேசத்தில் டெனிஸ்லி என்னும் நகரத்துக்குப் பக்கத்தில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. அந்த ஊரைப் பற்றி சில காரியங்களைத் தெரிந்துகொண்டால், கர்த்தர் அந்தச் சபைக்குச் சொன்ன வார்த்தை எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும்.

அது பணக்கார ஊர். வட்டிக்கடைகளும் பண வியாபாரமும் நிறைந்த இடம். அங்கே நெய்த கறுப்பு ஆட்டு மயிர்த் துணிக்கு நல்ல கிராக்கி. வைத்தியத்துக்கும் பேர் போனது. கி.பி. 60-ல் ஒரு பெரிய பூமியதிர்ச்சி வந்து ஊர் இடிந்தது. ரோம அரசாங்கத்தின் உதவி இல்லாமலே தங்கள் சொந்தப் பணத்தைக் கொண்டு ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். ரோம சரித்திர ஆசிரியனாகிய டாசிட்டஸ் இதை எழுதி வைத்திருக்கிறான். யோசித்துப் பாருங்கள்! ஊரே இடிந்து கிடக்கும்போதும் "எங்களுக்கு யார் உதவியும் வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஊர். அந்தக் காற்றுத்தான் சபைக்குள்ளேயும் வீசிற்று. "எங்களுக்கென்ன குறைச்சல்?" என்று ரோமாபுரிக்குச் சொன்னதையே, அவர்கள் அறியாமலே ஆண்டவருக்கும் சொல்லிவிட்டார்கள் (வெளி. 3:17).

இனி தண்ணீரைப் பாருங்கள். வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் எராப்போலி. அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்று வருகிறது. வியாதியஸ்தர் அதிலே குளித்துச் சுகம் தேடினார்கள். இன்னொரு பக்கம் மலையடிவாரத்தில் கொலோசெ பட்டணம். அங்கே குளிர்ந்த நல்ல தண்ணீர். பவுல் அப்போஸ்தலன் கொலோசெயருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் லவோதிக்கேயா, எராப்போலி என்னும் இரண்டு ஊர்ப் பேரும் அடுத்தடுத்து வருகின்றன. லவோதிக்கேயாவுக்கோ தெற்கேயிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது சுண்ணாம்பு கலந்த தண்ணீர். கல்லைக் குடைந்து செய்த அந்தக் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதை இடிபாடுகளில் இன்றைக்கும் காணலாம்.

போர் தண்ணீர் காய்ச்சுகிற வீட்டில் பாத்திரத்தைப் பாருங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து அடியில் வெள்ளையாய் ஒரு படிவு இருக்கும். ஒரு வருஷம் விட்டால் கல் மாதிரி ஆகிவிடும். யாரும் அதைக் கொண்டுவந்து வைக்கவில்லை. சும்மா விட்டதினால் வந்தது. ஆவிக்குரிய அசதியும் அப்படியே வருகிறது. ஒரே நாளில் யாரும் வெதுவெதுப்பு ஆகிறதில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. குழாய் மட்டும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாய்க் குறுகிக்கொண்டே போகிறது.

ஒரு தம்பி கேட்ட கேள்வி

சில காலத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தோம். ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு தம்பி என் பக்கத்தில் வந்தான். சின்ன வயசிலேயே இரட்சிக்கப்பட்டு, அபிஷேகம் பெற்றவன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். எனக்கு ஜெபிக்கணும்கிற ஆசையே வரல. முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்ல. ஆசை இல்லாம முழங்கால்ல நின்னா அது நடிப்புதானே? ஆண்டவர் உள்ளத்தைப் பாக்குறவர்னு சொல்றீங்க. அவர் முன்னாடி நடிக்கிறதவிட, சும்மா வீட்ல இருக்கிறது நேர்மை இல்லையா?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வராமல் நின்றுவிடலாம் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் கேட்டான். நம்முடைய சபைகளில் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறதில்லை, கேட்காமலே நின்றுவிடுகிறார்கள். ஆகையால் இதற்கு நேரான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். "பிசாசு கொண்டுவர்ற யோசனை, கடிந்துகொள்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடக் கூடாது.

அவன் சொன்னதில் பாதி உண்மை. உதடு கிட்டத்தில் இருக்க, இருதயம் தூரத்தில் இருக்கிற ஆராதனையைக் கர்த்தர் வெறுக்கிறார் (ஏசாயா 29:13). ஆனால் அதிலிருந்து அவன் எடுத்த முடிவு சரியல்ல. மாய்மாலம் என்றால் என்ன? மனுஷர் காணும்படி வேஷம் போடுவது. அதற்குப் பார்க்கிற கூட்டம் வேண்டும். ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் அதைத்தான் கடிந்துகொண்டார் (மத்தேயு 6:5). ஒருவன் தன் அறைக்குள் போய், கதவைப் பூட்டி, "ஆண்டவரே, எனக்கு உம்மேல ஆசை இல்ல. அது எனக்கு வருத்தமா இருக்கு. என்னை என்ன செய்யப் போறீர்?" என்று சொன்னால், அதில் வேஷம் எங்கே இருக்கிறது? அந்த வாரம் முழுவதும் அவன் ஏறெடுத்த ஜெபங்களில் அதைவிட உண்மையான ஜெபம் இருந்திருக்குமா?

நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்குக் கைக்குழந்தை அழுதா, அம்மா எழுந்திரிக்கிறா. அப்ப அவளுக்கு எழுந்திரிக்க ஆசையா இருக்கா? தூக்கம் கண்ணைச் சொக்குது. ஆனாலும் எழுந்திரிக்கிறா. அது நடிப்பா?"

அவன் யோசித்துவிட்டு, "இல்ல அங்கிள், அதுதான் பாசம்" என்றான்.

ஆம் பிரியமானவர்களே. அன்பு என்பது உணர்ச்சியைவிட ஆழமானது. உணர்ச்சி வரும், போகும். உணர்ச்சி போன நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதிலே அன்பு வெளிப்படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "எனக்கு ஆசை இல்லையே" என்று கலங்குகிறவன் லவோதிக்கேயன் அல்ல. லவோதிக்கேயன் கலங்கமாட்டான், அவனுக்குத்தான் ஒன்றும் குறைவில்லையே! ஆசை இல்லாததற்காக வருத்தப்படுகிறவனுக்குள் ஆசையின் பொறி இன்னும் அணையாமல் இருக்கிறது. மாற்கு 9-ம் அதிகாரத்தில், பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பன் என்ன செய்தான்? விசுவாசம் முழுசாய் வந்த பிறகு வருகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தன்னிடத்திலிருந்த கொஞ்ச விசுவாசத்தையும், அதோடு ஒட்டியிருந்த அவிசுவாசத்தையும் சேர்த்தே இயேசுவின் பாதத்தில் கொண்டுவந்து வைத்தான். ஆண்டவர் அவனைத் துரத்தினாரா? பிள்ளையைச் சுகமாக்கிக் கையில் கொடுத்தார்.

விருப்பமில்லாமல் போன கூட்டம்

ஜான் வெஸ்லியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்து தேசத்துக் குருவானவர். ஆக்ஸ்போர்டில் வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருந்து, சிறைச்சாலைகளுக்குப் போய் ஊழியம் செய்தவர். 1735-ல் கப்பலேறி, அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகப் போனார். ஆனாலும் உள்ளத்தில் நிச்சயம் இல்லை. 1738-ல் சோர்ந்துபோய் ஊர் திரும்பினார். அந்த வருஷம் மார்ச் மாதத்தில் பீட்டர் போலர் என்கிற மொரேவிய சகோதரனிடம், நம்ம தம்பி கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார்: எனக்கே விசுவாசம் இல்லாதபோது மற்றவர்களுக்கு எப்படிப் பிரசங்கிப்பேன், நிறுத்திவிடட்டுமா? போலர் நிறுத்தச் சொல்லவில்லை. விசுவாசம் கிடைக்கும்வரைக்கும் விசுவாசத்தைப் பிரசங்கியும், கிடைத்த பிறகு கிடைத்ததினால் பிரசங்கிப்பீர் என்கிற கருத்தில் புத்தி சொன்னார்.

அதே வருஷம் மே 24-ம் தேதி சாயங்காலம் லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். வெஸ்லி அதற்கு விருப்பமே இல்லாமல்தான் போனார். இதை அவரே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஒன்பது அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, வெஸ்லியின் உள்ளத்தில் ஒரு அனல் மூண்டது. கிறிஸ்து எனக்காகவே மரித்தார் என்கிற நிச்சயம் வந்தது. அதற்குப் பின் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அந்த மனுஷன் குதிரைமேல் ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கித்தார்.

அந்தச் சாயங்காலம், "எனக்கு ஆசையில்லை, ஆகையால் போகாமலிருப்பதே நேர்மை" என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால்? அவருடைய கால்கள் அவரை அங்கே கொண்டுபோயின. அனலோ தேவனிடத்திலிருந்து வந்தது. இரண்டும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நெருப்பு யாருடையது, விறகு யாருடையது?

ஆகையால் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: தேவன்மேல் ஆசை வருவது தேவனுடைய செயலா, நம்முடைய செயலா? தேவனுடையது என்றால் நம்மை ஏன் கடிந்துகொள்ளுகிறார்? நம்முடையது என்றால், இல்லாத ஆசையை நாம் எங்கேயிருந்து உண்டாக்குவோம்?

இதற்கு லேவியராகமத்தில் அழகான பதில் இருக்கிறது. ஆரோனும் குமாரரும் ஊழியத்தைத் துவங்கினபோது, பலிபீடத்தின்மேல் இருந்த பலியைக் கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்ட அக்கினி பட்சித்தது (லேவி. 9:24). எந்த ஆசாரியனும் அதைப் பற்றவைக்கவில்லை. ஆனால் 6-ம் அதிகாரத்தைப் படியுங்கள். அந்த நெருப்பு அவியாதபடி காலைதோறும் விறகு அடுக்க வேண்டியவன் ஆசாரியன்! வானத்திலிருந்து நெருப்பு அனுப்பின தேவனுக்கு விறகும் அனுப்பத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விறகை மனுஷன் கையில் கொடுத்தார். ஏன்? தம்முடைய வேலையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்பது அவருடைய அன்பு.

விறகு அடுக்குகிறவனுக்குத் தினமும் காலையில் ஆசையாகவா இருந்திருக்கும்? பனிக்காலத்தில், விடியுமுன் எழுந்து, சாம்பலை அள்ளி, கட்டை சுமக்கிற வேலை அது. வேதம் அவனுக்கு எப்படித் தோன்றிற்று என்று கேட்கவில்லை. விறகு வைத்தாயா என்று கேட்கிறது.

நம்மால் நெருப்பை உண்டாக்க முடியாது. ஆனால் அதை அவித்துப்போட நம்மால் முடியும்; ஆகையால்தான் பவுல் தெசலோனிக்கேயரை எச்சரித்தார் (1 தெச. 5:19). அதைத் தூண்டிவிடவும் நம்மால் முடியும், ஆகையால்தான் தீமோத்தேயுவுக்குப் புத்தி சொன்னார் (2 தீமோ. 1:6).

சோர்வு வேறு, அசதி வேறு

இங்கே ஒரு காரியத்தைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை சிலரைக் காயப்படுத்திவிடும்.

ஒரு சகோதரி. கணவர் பக்கவாதத்தில் படுக்கையில் கிடக்கிறார். பகலெல்லாம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, ராத்திரி அவருக்குப் புரட்டிப் போட்டு, துடைத்து, மருந்து கொடுக்கிறார்கள். முழு இரவு ஜெபத்துக்கு வந்தால், பதினொரு மணிக்குச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறார்கள். "அந்த சிஸ்டருக்கு இப்ப அனல் குறைஞ்சு போச்சு" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். இல்லை பிரதர்! அனல் குறையவில்லை. உடம்பில் பெலன் குறைந்துவிட்டது.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கின மனுஷன், மறுபடி பார்த்தால் சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, சாவு வந்தால் போதும் என்கிறான் (1 இராஜா. 19). கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டாரா? தூதனை அனுப்பினார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட வைத்தான், தூங்க வைத்தான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். மெல்லிய சத்தத்தில் கர்த்தர் பேசினது அதற்குப் பிறகு.

சோர்ந்தவனுக்கு அப்பம். திருப்தியாய் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் கடிந்துகொள்ளுதல். இந்த இரண்டு பேரையும் மாற்றிப் போட்டுவிட்டால், நாமே ஆத்துமாக்களைக் கொல்லுகிறவர்களாய் இருப்போம். சபையில் யாராவது பின்தங்கினால், முதலில் "சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, வீட்ல என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். பிறகு உபதேசம் பண்ணலாம்.

சத்தத்தை அனல் என்று எண்ணாதிருங்கள்

அசதிக்கு எதிராக நாம் சாதாரணமாகச் செய்கிற காரியம், சத்தத்தைக் கூட்டுவது. ஸ்பீக்கரைப் பெரிதாக்குவோம், டிரம்ஸை வேகமாக அடிப்போம், வெளியூர் ஊழியரைக் கூப்பிட்டு மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் போடுவோம். கூட்டம் நல்லது. தாளமும் நல்லது, தாவீதே நடனம் பண்ணினான். ஆனால் நாதாபும் அபியூவும் தூபகலசத்தில் நெருப்புத்தான் வைத்திருந்தார்கள். அது பலிபீடத்து நெருப்பு அல்ல (லேவி. 10:1). ஞாயிற்றுக்கிழமை துள்ளிக் குதித்த மனுஷன் திங்கட்கிழமை மனைவியைக் கைநீட்டி அடித்தால், வேலைக்காரனுக்குக் கூலி பாக்கி வைத்தால், அந்த அனல் எங்கேயிருந்து வந்தது?

நாமெல்லாரும் பெருமையாய்ச் சொல்லுகிற அசுசா தெருவை நினைத்துப் பாருங்கள். 1906-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணம், அசுசா தெரு, 312-ம் எண். தூசி படிந்த பழைய கட்டடம். ஊழியர் வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுதான் பிரசங்க பீடம். அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் ஜெபித்துக்கொண்டிருப்பாராம். ஏறக்குறைய மூன்று வருஷம் நாள்தோறும் கூட்டம் நடந்தது. கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே முழங்கால்படியிட்டார்கள். அங்கேயிருந்து பல தேசங்களுக்கு ஊழியர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

பிறகு? பிரிவினைகள் வந்தன. கூட்டம் குறைந்து, ஒரு சிறு சபையாயிற்று. சீமோர் 1922-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1931-ல் அந்தக் கட்டடமும் இடிக்கப்பட்டது. அக்கினி விழுந்த இடம் என்பதினால் மாத்திரம் அக்கினி அங்கே நிற்காது. "எங்க சபை பெரிய அபிஷேக சபை", "எங்க அப்பா காலத்துல அற்புதம் நடந்துச்சு" என்பதெல்லாம் நேற்றைய விறகு. நேற்றைய விறகு இன்றைக்குச் சாம்பல்.

இன்றைக்கு என்ன விறகு?

ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த எத்தனையோ சபைகள் இன்றைக்குக் காங்கிரீட் கட்டடத்தில் இருக்கின்றன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! வேலை கேட்டு ஜெபித்தோம், வேலை கிடைத்தது. வீடு கேட்டோம், வீடு கிடைத்தது. பிள்ளைக்கு விசா கேட்டோம், அதுவும் கிடைத்தது. உபாகமம் 8-ம் அதிகாரத்தில் மோசே எதைக் குறித்துப் பயந்தானோ, அது இங்கேதான் இருக்கிறது. வனாந்தரத்தில் பட்டினியினால் ஜனங்கள் தேவனை மறந்துவிடுவார்கள் என்று அவன் அஞ்சவில்லை; கானானில் நல்ல வீடு கட்டி, வயிறாரச் சாப்பிட்டபின் மறந்துவிடுவார்கள் என்று அஞ்சினான். ஜெபத்துக்குக் கிடைத்த பதிலே ஜெபத்தை நிறுத்திவிடக்கூடும்! ஆகவே நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, சாம்பலை அள்ளுங்கள். ஆசாரியன் விறகு வைக்குமுன் முதல்நாள் சாம்பலை எடுத்தான். அடுப்பில் சாம்பல் நிறைந்திருந்தால் எவ்வளவு நல்ல விறகு வைத்தாலும் புகையத்தான் செய்யும். 1860-ல் நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவர்களின் ஊழியத்தில் எழுப்புதல் உண்டானபோது, ஜனங்கள் பாவ உணர்வினால் கதறி அழுது, தங்கள் பாவங்களை வெளியரங்கமாய் அறிக்கையிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த சாம்பல் எது? பேசாமலிருக்கிற தம்பியா? திருப்பிக் கொடுக்காத கடனா? அதை இந்த வாரமே அள்ளுங்கள்.

இரண்டாவது, நொறுக்குத்தீனியைக் குறையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முறுக்கும் மிக்சரும் தின்ற பிள்ளைக்கு அம்மா எவ்வளவு ருசியாய்ச் சமைத்தாலும் பசிக்காது. சமையலில் குறையில்லை. செல்போனைக் கையில் எடுத்தால் ஒரு மணி நேரம் போவது தெரிகிறதில்லை. அதில் பாதி நேரம் பிரசங்கமும் பாட்டும்தான் பார்க்கிறேன் என்று சிலர் சொல்லலாம். ஒருவன் சாப்பிடுகிறதைப் பார்த்தால் நம் வயிறு நிறையாதே! 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஆலயங்கள் மூடியிருந்தபோது வீட்டிலிருந்து ஆராதனையைப் பார்த்தோம். அப்போது அது கிருபை. ஆலயம் திறந்த பிறகும் சிலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையே, அதைத்தான் சொல்லுகிறேன்.

மூன்றாவது, மனதைக் கேட்காமல் நேரத்தைக் குறியுங்கள். வெஸ்லிக்குப் புத்தி சொன்ன மொரேவிய சகோதரர்களுக்கு ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊர் இருந்தது. ஒருவரோடொருவர் சண்டையிட்டுக் கிடந்த ஜனங்கள் அவர்கள். 1727-ம் வருஷம் ஆகஸ்ட் 13-ல் கர்த்தருடைய பந்தியில் அவர்கள் உள்ளம் உடைந்து ஒன்றானார்கள். அதோடு விட்டுவிடவில்லை. அந்த மாதமே 24 சகோதரரும் 24 சகோதரிகளும் மணிக்கணக்காக நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு, இரவும் பகலும் ஜெபிக்கத் துவங்கினார்கள். அந்த ஜெபச் சங்கிலி நூறு வருஷத்துக்கும் மேலாக நீடித்தது. நூறு வருஷமும் உணர்ச்சி பொங்கிக்கொண்டா இருந்திருக்கும்? இல்லை. அவரவர் மணி வந்தபோது அவரவர் எழுந்தார்கள். உங்களால் ஒரு மணி நேரம் முடியாவிட்டால், பதினைந்து நிமிஷம் வையுங்கள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதிருங்கள்.

நான்காவது, மற்றவருக்காக விறகு சுமங்கள். தன் வீடு, தன் பிள்ளை, தன் சுகம் என்று மட்டும் ஜெபிக்கிறவனுக்கு, அவைகள் கிடைத்ததும் ஜெபிக்க ஒன்றுமிராது. பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்து கொடுப்பதே உபவாசம் என்று ஏசாயா 58-ம் அதிகாரம் போதிக்கிறது. ஆஸ்பத்திரியில் தனியாய்க் கிடக்கிற ஒருவரைப் போய்ப் பாருங்கள். வீடு திரும்பும்போது உங்கள் வாயில் ஜெபம் தானாய் வந்திருக்கும்.

வாசலில் நிற்கிறவர்

கடைசியாக ஒரு வார்த்தை. லவோதிக்கேயா சபைக்கு எழுதின கடிதத்தில், கதவைத் தட்டுகிற காட்சி வருகிறது (வெளி. 3:20). அதை நாம் இரட்சிக்கப்படாதவர்களுக்குச் சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் கர்த்தர் அதைச் சபைக்கு எழுதினார். உள்ளே ஆராதனை நடக்கிறது. ஆராதிக்கப்படுகிறவரோ வெளியே நிற்கிறார்! வாந்திபண்ணிப் போடுவேன் என்று எச்சரித்தவர் அவர்தான். கோபத்தோடு திரும்பிப் போகாமல், கதவண்டையிலேயே நின்று, உன்னோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்கிறவரும் அவர்தான்.

இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்குகிறது. தேவன்மேல் நமக்கு ஆசை இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னே வேறொரு ஆசை இருக்கிறது. அவருக்கு நம்மேல் இருக்கிற ஆசை! அது வெதுவெதுப்பாகவில்லை. நாம் கதவைத் திறக்கிறது அந்த ஆசைக்கு நாம் கொடுக்கிற பதில் மாத்திரமே. எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறக்க உணர்ச்சி வேண்டியதில்லை. கை இருந்தால் போதும்.

ஆகையால் பிரியமானவர்களே, அனல் இருக்கிறவர்கள் அனலோடு எழுந்திருங்கள். இல்லாதவர்கள் இல்லாதபடியே எழுந்திருங்கள். நாளை விடியற்காலையில் உங்கள் வீட்டில் ஒரு மூலையில் முழங்காலில் நின்று, இந்த ஜெபத்தை உங்கள் சொந்த ஜெபமாக ஏறெடுங்கள்:

"ஆண்டவரே, எனக்கு எல்லாம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நான் உட்கார்ந்துவிடாதபடி என்னைக் காத்தருளும். எனக்குள் ஆசை குறைந்திருக்கிறதை நீர் அறிவீர். நான் விறகு கொண்டுவருகிறேன், நெருப்பு உம்முடையது. என் வீட்டிலும், எங்கள் சபையிலும் அது அவியாதிருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே, ஆமென்."

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் அனல்மூட்டி எழுப்புவாராக. மாரநாதா! அல்லேலூயா!